பூட்டிய கட்டடமும் ஏறிய கட்டணமும்

(ஆண்டு சந்திப்பில் சிவில் பிரிவுப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சிவில் படித்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுவான். பொறுத்துக்கொள்ளுங்க.

நியூயார்க்கில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே புரூக்ளின் பகுதியில் ஜே தெரு, 370-ஆம் எண் கட்டடம். 1951-இல் நகரப் போக்குவரத்துத் தலைமையகமாகத் திறந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் வசூலான காசு அந்தக் காலத்தில் தனி ரயிலில் ஏறி, எண்ணுவதற்கு இங்கேதான் வந்தது. ஊர் ஜனங்களின் சில்லறை குவிந்த இடம்!

1990-களின் பிற்பகுதியில் அலுவலகங்கள் இடம் மாறத் தொடங்கின. பிறகு வருஷக்கணக்கில் பெரும்பகுதி காலி. நடைபாதைக்கு மேல் கட்டிய சாரம் மட்டும் அப்படியே நின்றது. இதற்கிடையே 2003-இல் டிக்கெட் ஒன்றரை டாலரிலிருந்து இரண்டு டாலர் ஆனது. 2009-இல் இரண்டேகால்.

கட்டடம் மாநகராட்சிக்குச் சொந்தம்; கையில் வைத்திருந்தது போக்குவரத்து ஆணையம். இரண்டு பேர் பொறுப்பு என்றால் யார் பொறுப்பும் இல்லை என்பது நமக்குத் தெரியாததா?

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த ஒரு கட்டடத்தின் வாடகையால் கட்டண உயர்வு நின்றிருக்காது. ரயில் ஓட்டும் செலவு கடல். வாடகை ஒரு குடம். ஆனால் காசு கொடுக்கிறவன், "இருக்கிறதைப் பார்த்துக்காம என்கிட்ட வந்து கேக்கறியே?" என்பான். அதற்குப் பதில் கிடையாது.

2012-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தமாகி, 2017 கடைசியில் கட்டடம் மீண்டும் திறந்தது. இடிக்கவில்லை, புதுப்பித்தார்கள்.

இனி நம் வீட்டு விஷயம். புதிய அரங்கத்துக்காகச் சங்கச் சந்தாவை உயர்த்த இன்று தீர்மானம் வருகிறது. நான் எதிர்க்கவில்லை. காலையில் பழைய விடுதிப் பக்கம் போனேன். ஓர் அறையில் மூன்று பேராகக் கிடந்தோமே, அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. மொட்டைமாடிச் சுவரில் அரசங்கன்று. வேர் விரிசலுக்குள் இறங்கிவிட்டது. மழைநீர்க் குழாயில் சருகு அடைத்து, தண்ணீர் தளத்திலேயே நிற்கிறது.

மாணவர்களே, கன்றை வேரோடு எடுத்து, குழாயைச் சுத்தம் செய்ய லட்சங்கள் வேண்டாம். தலைவர் அவர்களே, முதலில் அந்தச் சாவியைக் கொடுங்க. உயர்த்திய சந்தாவை முதல் ஆளாக நான் கட்டுகிறேன்.