இலவசம்தான்... ஆனால் நிபந்தனை உண்டு!

(செயலி உருவாக்கும் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



உங்கள்ல நிறைய பேர் போன்ல வி.எல்.சி. இருக்கும். ஆரஞ்சு நிறக் கூம்பு படம் போட்டிருக்குமே, அதேதான். காசும் கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஆனா இந்தச் செயலி ஐபோனில் இரண்டரை வருஷம் கிடைக்காமலே இருந்தது. வைரஸ் பிரச்சினை எதுவும் இல்லை. இரண்டு விதிமுறைகள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

1996-இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டம் இது. 2001-இல் ஜி.பி.எல். என்ற உரிமத்தின் கீழ் வெளியானது. அந்த உரிமம் சொல்வது இதுதான்: எடுத்துக்கோங்க, மாத்துங்க, அடுத்தவருக்கும் கொடுங்க. ஆனா வாங்குறவங்களுக்குப் புதுசா எந்தக் கட்டுப்பாடும் போடக் கூடாது.

2010-இல் ஒரு நிறுவனம் இதை ஐபோனுக்குக் கொண்டுவந்தது. ஆப் ஸ்டோரோ, செயலிகளை எப்படிப் பயன்படுத்தலாம் என்று தன் பங்குக்குக் கட்டுப்பாடுகள் வைத்திருந்தது. "இது எங்கள் உரிமத்துக்கு முரண்" என்று வி.எல்.சி.யை எழுதியவர்களில் ஒருவரே புகார் கொடுத்தார். 2011 ஜனவரியில் செயலி நீக்கப்பட்டது.

சரி, உரிமத்தை மாற்றிவிடலாமே? அங்கதான் கஷ்டம். பலர் சேர்ந்து எழுதிய நிரலில் அவரவர் எழுதிய பகுதிக்கு அவரவரே பதிப்புரிமைதாரர். கூட்டுப் பட்டா நிலத்தை முழுசா விற்க எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்கணும் இல்லையா, அந்தக் கதைதான். நூற்றுக்கணக்கானவர்களைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டார்கள். 2011, 2012-இல் முக்கியப் பகுதிகள் எல்.ஜி.பி.எல். என்ற தளர்வான உரிமத்துக்கு மாறின. 2013 ஜூலையில் வி.எல்.சி. ஐபோனுக்குத் திரும்பியது.

இது நமக்கு எதுக்கு? நீங்களும் இணையத்தில் கிடைக்கும் நிரலை எடுத்துத்தான் செயலி செய்றீங்க. அதனால் இவற்றைக் கவனத்தில் வையுங்கள்:

• உரிமம் குறிப்பிடாத நிரல் இலவச நிரல் அல்ல. எழுதியவரிடம் அனுமதி கேளுங்கள்.

• எடுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர், உரிமம், பதிப்பு எண் மூன்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். பதிப்பு எண் ரொம்ப முக்கியம். அப்பாச்சி 2.0 உரிமம் கொண்ட நிரல் ஜி.பி.எல். 3-ஆம் பதிப்புடன் சேரும். 2-ஆம் பதிப்புடன் சேராது என்பது ஜி.பி.எல். உரிமத்தை வெளியிட்ட அமைப்பின் கருத்து. "2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்று எழுதியிருந்தால் 3-ஐத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

• முரண் தெரிந்தால் மூன்று வழி: அதே வேலையைச் செய்யும் வேறு நிரலுக்கு மாறலாம், எழுதியவரிடம் சிறப்பு அனுமதி கேட்கலாம், இல்லையென்றால் அந்தப் பகுதியை நாமே புதிதாக எழுதலாம்.

• நண்பர்களோடு சேர்ந்து எழுதுறீங்களா? எந்த உரிமத்தில் வெளியிடப் போகிறோம் என்று முதல் நாளே பேசி, எழுதி வையுங்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு தேடிப்பிடிப்பது சிரமம்.

செயலி தயாரான பிறகு முரணைச் சரிசெய்ய வருஷக்கணக்கில் ஆகலாம். உரிமத்தை முதலிலேயே படித்துப் பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.