கருப்பை வாய்த் தையலும் தாயின் உடல் எடையும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவின் சுருக்கம்)



நாம் வாழும் இம்மாநகர் மருத்துவ உலகிற்கு வழங்கிய கொடைகளுள் ஒன்று சிரோட்கர் தையல். நான்கு, ஐந்து மாதக் கரு, பிரசவ வலி தோன்றாமலே நழுவிவிடும் பெண்கள் உண்டு. கருப்பையின் வாய் வலுவிழந்து திறந்துவிடுவதே இதற்கு ஒரு காரணம். இங்குள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய டாக்டர் வி. என். சிரோட்கர், தாயின் தொடைத்தசை உறையிலிருந்து எடுத்த நாடாவினாலேயே அவ்வாயைக் கட்டினார். அம்முறையை விளக்கும் கட்டுரை 1955இல் சென்னையின் ‘ஆண்டிசெப்டிக்’ இதழில் வெளிவந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

முன்கூட்டியே இடும் தையல் ஒரு வகை. வாய் திறந்து, பனிக்குடம் வெளித்தெரிந்த பின்னர் இடும் அவசரத் தையல் மற்றொரு வகை. பின்னதில் நாள்தோறும், ஏன், நாழிகைதோறும் ஆபத்து மிகும்.

தாயின் உடற்பருமன் இத்தையலின் பயனைக் குறைக்குமா? ஆராய்ச்சிகள் ஒரே விடை பகரவில்லை. பருமனான தாயர்க்குப் பிரசவம் முந்துவதாகச் சில கூறுகின்றன. வேற்றுமை இல்லை எனச் சில கூறுகின்றன. பருமன் மயக்க மருந்து கொடுப்பதையும் தையலிடுவதையும் கடினமாக்கலாம். நீரிழிவையும் இரத்தக் கொதிப்பையும் உடன் அழைத்து வரலாம். எனினும் வாய் எவ்வளவு திறந்துள்ளது, பனிக்குடம் எவ்வளவு இறங்கியுள்ளது, கிருமி புகுந்துள்ளதா என்பனவே முதன்மையாக முடிவை நிர்ணயிக்கின்றன. எடை மிகுதி என்பதற்காக மட்டும் ஒருத்திக்குத் தையலை மறுத்தல் முறையன்று.

பருமன் என்பதுதான் யாது? கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் இந்தியருக்கு 25ஐ எட்டினாலே பருமன் என்று நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2009இல் வரையறுத்தனர். ஐந்தடி உயரமுள்ள பெண் 60 கிலோ இருப்பின் அவ்வெண் ஏறத்தாழ 26 ஆகிறது. அவளை நம் வீடுகளில் யாரும் பருமன் என்று சொல்லமாட்டார்கள்!

ஆனால் கரு கலைந்துவிட்டால், “உடம்பைப் பெருக்கிக்கொண்டாள், பிள்ளை தங்கவில்லை” என்னும் பழிச்சொல் பிறந்துவிடுகிறது. அச்சொல்லைக் கேட்ட பெண் அடுத்த முறை அறிகுறிகளை மறைப்பாள். தையலிடத் தக்க நேரம் மறைவிலேயே கழிந்துவிடும்.

ஆதலின் எடையைச் சீர்செய்தல் கருவுறுமுன் செய்யவேண்டிய கடமை. கருவுற்றபின் பட்டினி கிடத்தல் தகாது. அடிவயிற்றில் அழுத்தம், இடுப்புவலி, நீர்க்கசிவு, சிறிதளவு உதிரப்போக்கு, இவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். தாராவிக்கும் மாதுங்காவிற்கும் சயான் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. மாமியாரும் கணவரும் பழி கூறுவதை விடுத்து உடன் செல்வார்களாயின், இந்நகரில் பிறந்த அத்தையல் நம் இல்லங்களிலும் பயன் தரும்.