சாவி வாங்கும் முன்

(தொடர்கல்வி மையம் ஒன்றில் ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கூடியிருந்தபோது பேசியது)



சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசுங்கள் என்று என்னை அழைத்தார்கள். வேகம் கூடாது, ஹாரன் அடி, டிப்பரைப் பயன்படுத்து என்றெல்லாம் நீங்களே லாரிக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை நான் வந்து சொல்ல வேண்டியதில்லை. நான் பேசப் போவது வேறு. வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கும் முன் நம்மைச் சோதிக்கிறார்களே, அந்தச் சோதனைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். கண் சோதனை, காது சோதனை, மூச்சுச் சோதனை, லைசென்ஸ் சோதனை. இவற்றில் தேறாதவர் என்ன ஆகிறார்? அதைத்தான் முக்கியமாகப் பேச வேண்டும்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இருபத்தாறு ஆண்டு லாரி ஓட்டியவன். நடுவில் இரண்டு ஆண்டு எனக்குக் கண் சரியில்லை. அது எனக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பகலில் ஒன்றும் தெரியாது. இரவில்தான் தொல்லை. எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு விளக்காகத் தெரியாது. பூச்சட்டி மத்தாப்புப் போலச் சிதறும். அது கடந்து போன பிறகும் சிறிது நேரம் சாலையே தெரியாது. "கண்ணைக் காட்டிட்டு வாங்க" என்று மனைவி நூறு முறை சொன்னாள். நான் போகவில்லை. ஏன் தெரியுமா? எனக்கு முன்பு அந்த வண்டியை ஓட்டியவர் "கண் மங்கலாக இருக்கிறது" என்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பார்த்த நான் வாயைத் திறப்பேனா?

அதற்கு நடுவில் லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. மருத்துவச் சான்று வேண்டும். படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதினார், கையெழுத்துப் போட்டார், பணம் வாங்கினார். எனக்கு அன்று மகிழ்ச்சி. இப்போது நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

ஒரு நாள் இரவு, சாலையோரம் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தது. நான் பார்க்கவே இல்லை. "அண்ணே, முன்னாடி வண்டி!" என்று கிளீனர் பையன் கத்தினான். பிரேக்கை அழுத்தினேன். இடையில் ஒரு முழம்தான் இருந்தது. பையன் இறங்கிப் போய்ச் சாலையோரம் உட்கார்ந்து அழுதான். அவனுக்குப் பத்தொன்பது வயது.

மறுவாரம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். கண்புரை என்றார்கள். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். காசு வாங்கவில்லை. நம் நாட்டில் பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. கண்புரைக்கு இலவச அறுவைச் சிகிச்சை அதில் ஒரு பகுதி. சில வாரம் ஓய்வெடுத்தேன். டாக்டர் பார்த்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகு மறுபடி வண்டி ஏறினேன். அரை மணிகூட ஆகாத சிகிச்சைக்கு இரண்டு ஆண்டு பயந்திருக்கிறேன்!

அந்த மருத்துவப் படிவத்துக்கு '1-ஏ' என்று பெயர். அதில் என்ன கேட்கிறார்கள் என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தெரிகின்றனவா? மாலைக்கண் உண்டா? ஹாரன் சத்தம் காதில் விழுகிறதா? எல்லாம் நியாயமான கேள்விகள். டாக்டர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், "ஐயா, கண்ணைப் பாருங்கள்" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். நிறம் பற்றி ஒரு மாற்றமும் வந்திருக்கிறது. நிறக்குறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் லைசென்ஸ் தரலாம் என்று 2020இல் விதியைத் திருத்தினார்கள். கடுமையான நிறக்குருடு உள்ளவருக்குத்தான் இல்லை.

அடுத்து வாசிப்புச் சோதனை. அப்படியும் ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. சரக்கு வண்டி, பேருந்து ஓட்டுகிறவர் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். படிப்பில்லாத பலருக்குப் பிழைப்புக் கிடைக்க அது உதவும். ஆனால் பெட்ரோல், எரிவாயு, அமிலம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவருக்குத் தனி விதி உண்டு. அவருக்கு ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் தேறிய சான்றும் வேண்டும். மற்ற சரக்கு வண்டி லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு என்றால், இதற்கு மூன்றே ஆண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? டேங்கர் லாரியின் இரு பக்கமும் பின்புறமும் ஒரு பலகை இருக்கும். அதில் சரக்கின் பெயர், நான்கு இலக்க எண், தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை ஓட்டுநர் அறையில் இருக்க வேண்டும். அட்டை இருந்து என்ன பயன்? படிக்கத் தெரிய வேண்டுமே! 2012 ஆகஸ்ட் 27 இரவு, கேரளத்தில் கண்ணூருக்குப் பக்கத்தில் சாலா என்ற இடத்தில் ஓர் எரிவாயு டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு பரவித் தீப்பிடித்தது. இருபது பேர் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்தவர்கள், தெருவில் இருந்தவர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் அட்டையைப் படித்து, "அடுப்பை அணையுங்கள், காற்றடிக்கும் பக்கம் ஓடாதீர்கள்" என்று கத்தினால் அந்தச் சொல் பெரிய சொல்.

மூச்சுச் சோதனைக்கு வருவோம். குழாயில் ஊதச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "என்னைக் குடிகாரன் என்கிறாயா?" என்கிறார்கள். ரயில் இன்ஜின் ஓட்டும் லோகோ பைலட்டைப் பாருங்கள். பணியில் கையெழுத்துப் போடும்போது அவரும் ஊதுகிறார். அதை அவர் அவமானமாக நினைப்பதில்லை.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். 2019 திருத்தத்தின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பலர் ஏமாறுவது காலையில்தான். இரவு குடித்துத் தூங்கி எழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். குளித்தாலும் மோர் குடித்தாலும் காபி குடித்தாலும் அதன் வேகம் கூடாது. நள்ளிரவு வரை குடித்தவர் விடியற்காலை ஊதினால் கருவி காட்டிக்கொடுக்கும்.

கருவியும் சில நேரம் தவறலாம். சற்று முன் குடித்த இருமல் மருந்து வாயில் தங்கியிருக்கலாம். அப்போது சண்டை போட வேண்டாம். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதுகிறேன் என்று சொல்லுங்கள். முடிவைத் தாளில் கேளுங்கள்.

தூக்கத்தைக் கண்டுபிடிக்க ஊதுகுழல் இல்லை. அதனால்தான் சட்டம் நேரத்தை எண்ணுகிறது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகப் புதிய தொகுப்பு வந்துள்ளது. அதிலும் எட்டு மணிதான். இரண்டு நாள் தூங்காமல் ஓட்டியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். உங்கள் சிரிப்பிலேயே தெரிகிறது.

சரி, தேறாதவர் கதைக்கு வருகிறேன்.

ரயில்வேயில் லோகோ பைலட்டுக்கு 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சோதனை. 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். கண்டிப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் அங்கே கண் குறைந்தவரைத் தெருவில் விடுவதில்லை. இன்ஜினைவிட்டு இறக்கி வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள். பணியில் இருக்கும்போது உடல் குறை ஏற்பட்டவரை அரசு நிறுவனம் வேலையைவிட்டு நீக்கக் கூடாது. அதே சம்பள நிலையில் வேறு வேலை தர வேண்டும். இதை 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இப்போது உள்ள 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது. ஒரு மாநில அரசுப் பேருந்துக் கழகத்தில் ஓட்டுநர் ஒருவரை நிறக்குருடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாற்று வேலை தர முயலாமல் அனுப்பியது தவறு, வேலை கொடுங்கள் என்று 2025இல் தீர்ப்பு வந்தது.

தனியார் லாரியில் ஓடும் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். அரசு ஊழியர் உண்மையைச் சொன்னால் வேலை மாறும். நம் ஆள் உண்மையைச் சொன்னால் அடுப்பு அணையும். பிறகு எவன் உண்மையைச் சொல்வான்? இங்கே முதலாளிகள் இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் கேட்கிறேன். உங்கள் செட்டில் லோடு எழுத ஆள் வேண்டாமா? டயர், ஸ்பேனர் பார்க்க ஆள் வேண்டாமா? இருபது ஆண்டு ஓட்டியவருக்கு அந்த வேலை தெரியாதா? தகுதியில்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் உங்கள் மீதும் வழக்கு வரும். ஆளை விரட்டினால், அடுத்து வருகிறவர் தன் நோயை உங்களிடம் மறைப்பார். கோடி ரூபாய்ச் சரக்கு அவர் கையில்தான் போகும்.

பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் லாரி நிறுவனமாக இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டா என்று கேளுங்கள். சம்பள வரம்புக்கு உட்பட்டுச் சந்தா கட்டியவர் நோய் விடுப்பில் இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு கிடைக்கும். கண் அறுவைக்குப் பின் வீட்டில் இருக்கும் நாட்களுக்கு அது அரிசி, பருப்பு ஆகும். என் காலத்தில் என் பெயரை முதலாளி பதிவு செய்யவே இல்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. இரவில் விளக்கு சிதறுகிறது என்று சொல்கிறாரா, சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புகிறாரா, சளிக்குப் போட்ட மாத்திரையில் தூங்கி வழிகிறாரா, இதெல்லாம் முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் கூடுவோம். எல்லோரும் லைசென்ஸை எடுத்து வாருங்கள். எந்தத் தேதி வரை செல்லும், எந்த வண்டிக்குச் செல்லும் என்று அவரவரே படிக்க வேண்டும். படிவம் 1-ஏ நான் கொண்டுவருகிறேன். வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி, இருபத்தைந்து மீட்டர் அளந்து கோடு போடுவோம். அதில் முதலில் நான் நின்று நம்பரைப் படிக்கிறேன்.