அடுப்பும் விளக்கும்
(குடமுழுக்கையொட்டி நிகழ்ந்த தொடர் சொற்பொழிவில் ஆற்றிய உரை)



நேற்றைய சொற்பொழிவு முடிந்ததும் ஓர் அன்பர் அடியேனை அணுகி, "கண்மூடித் தியானத்தில் அமர்ந்தால் மனம் அடங்குகிறது. வாயிலில் பசித்தவன் குரல் கேட்டதும் கலைந்துவிடுகிறது. எதைப் பற்றுவது?" என வினவினார். அவருக்கு விடையை வடலூரிலிருந்து கூற விரும்புகிறேன்.

இராமலிங்க அடிகள் இளமையில், சென்னையில் தம் அறையிற் கண்ணாடியொன்றை நிறுத்தி, விளக்கேற்றி, அதன்முன் தியானத்தில் அமர்ந்திருந்தார் என்பர். தியானத்தின் அருமையை நன்கறிந்த அப்பெருமான் வடலூரில் முதலில் கண்டது வழிபாட்டு மண்டபமன்று. 1866-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் வடு ஆறாதிருந்த வேளையில், 1867 மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். அவ்வடுப்பு இன்றளவும் எரிந்து வருகிறது. பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலம் உவந்தளித்தனர். சோதி வழிபாட்டிற்குரிய சத்திய ஞான சபை எழுந்ததோ 1872-இல். அடுப்பு முந்தியது, விளக்கு 5 ஆண்டு பிந்தியது!

இதனைத் தற்செயலென்று தள்ள அடியேனுக்கு மனம் வரவில்லை. அடிகளின் உரைநடை நூலாகிய 'சீவகாருணிய ஒழுக்கம்' பசியைப் பற்றி விரித்துரைக்கிறது. பசியால் உடல் மட்டுமன்று, அறிவும் மனமும் ஒளி குன்றுகின்றன. உணவு உட்சென்றதும் முகத்தில் மீண்டும் தோன்றும் தெளிவு கடவுளின் விளக்கமே என்பது அவர் கருத்து. ஆகவே, கண்மூடி உள்ளே தேடும் ஒளியும், உண்டவன் முகத்தில் மலரும் ஒளியும் அவருக்கு வேறல்ல. தைப்பூசத்தன்று ஞான சபையில் ஏழு திரைகள் நீங்கச் சோதி காண்கிறோம். பசியென்னும் திரையை நீக்குவோர் அதனை நாள்தோறும் காணலாம்.

ஆதலின் அந்த அன்பர் தயங்காது எழுந்து வாயிலுக்குச் செல்லலாம். திரும்பி வந்து அமரும்போது மனம் முன்னினும் எளிதில் அடங்குவதை அவரே உணர்வார்.

இராசகோபுரத் திருப்பணிக்கு வாரி வழங்கிய பெருமக்கள் முன்னிலையில் மேலும் கேட்பது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மண்டலாபிடேகம் நடைபெறும் 48 நாளும் அன்னதானத்திற்கு அரிசி சேர்ந்துவிட்டதாகத் திருப்பணிக் குழுவினர் மகிழ்வுடன் தெரிவித்தனர். 49-ஆம் நாள்? தேரடியில் அமர்ந்திருக்கும் முதியவர்களுக்கு அன்றும் பசிக்குமல்லவா? அடியேன் பங்காக மாதம் ஒரு மூட்டை அரிசி எழுதிக்கொள்ளுமாறு சொல்லியிருக்கிறேன். அதற்கான ஏடு மடைப்பள்ளிக் கணக்கரிடம் இருக்கிறது.