கயிற்றுக்கு வெளியே நிற்பவர்கள்

தை பிறந்துவிட்டால் போதும், குன்றாண்டார்கோவில், கீரனூர்ப் பக்கத்துச் சுவர்களில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அந்த ஆட்டக்களத்தில் நம் பிள்ளைகள் கபடியோடு சேர்த்து வேறு என்னவெல்லாம் பழகுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ரெய்டு போன பையன் ஒருவனைத் தொட்டுவிடுகிறான். மூன்று பேர் அவன் காலைக் கவ்விக்கொள்கிறார்கள். புழுதியில் விழுந்தவன் நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டுகிறான். அதுவோ சுண்ணாம்புக் கோடு. இரண்டு ஆட்டத்திலேயே கால் பட்டுப் பாதி அழிந்திருக்கும். விரல் கோட்டில் பட்டதா, இல்லையா? நடுவர் அந்த நொடியே சொல்லியாக வேண்டும். சொன்னதும் முதல் கூச்சல் எங்கிருந்து கிளம்புகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஆடுகிற பையனிடமிருந்து அல்ல. களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நிற்கிற அண்ணனும் மாமாவும் சித்தப்பாவும்தான் ஆரம்பிக்கிறார்கள். "காசு வாங்கிட்டியா?" என்று ஒரு குரல். அடுத்து நாற்காலி பறக்கும். அதைப் பார்த்த பிறகுதான் பையனுக்கும் நடுவரைத் தள்ளிவிடுகிற துணிச்சல் வருகிறது.

தகராறு வராத ஆட்டம் கிடையாது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் கபடி இறுதி ஆட்டமே, ஒரு விதி பற்றிய சர்ச்சையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுபோனது. இந்தியாவும் ஈரானும் வாதாடின; பிறகு மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தன. 33-29 என்று இந்தியா தங்கம் வென்றது.

ஆனால் எல்லாத் தகராறும் அப்படி முடிவதில்லை. 2025 ஜனவரியில் பஞ்சாபின் பதிண்டாவில், பல்கலைக்கழகக் கபடிப் போட்டிக்குப் போன நம் மாணவிகள் தாக்கப்பட்டபோது தமிழ்நாடே கொதித்தது. நியாயமான கோபம். பக்கத்து ஊர் அணி நம் ஊரில் அடி வாங்கும்போதும் அதே கோபம் நமக்கு வர வேண்டாமா?

அதே ஆண்டு மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பகுதியில், தேர்வு எழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனின் விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் பகைக்குக் காரணம் என்றார்கள் குடும்பத்தார். அவன் பட்டியல் சாதிப் பிள்ளை. பெரியவர்கள் ஊட்டிய சாதி வெறிதான் அந்த அரிவாள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கபடிக்கு அனுமதி தரும்போது ஜெர்சியில் சாதி அடையாளம் கூடாது, குடித்தவர் ஆடக் கூடாது, மருத்துவக் குழு வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டது இப்படிப்பட்ட ஆபத்துகளை எண்ணித்தான்.

களத்துக்குள் தப்பு செய்கிற ஆட்டக்காரனுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. வேடிக்கை பார்ப்பவருக்கு எந்த அட்டையும் இல்லை. ஆனால் கபடியைப் போலவே ஆளைப் பிடித்து வீழ்த்தும் ரக்பி லீக்கில், ஆஸ்திரேலியாவின் சிறுவர் ஆட்டங்களுக்கு மைதானப் பொறுப்பாளர் என்று ஒருவரை நிறுத்துகிறார்கள். தனி நிற மேலங்கி போட்ட அவர், வாய் நீளும் பெற்றோரை அடக்கி வைப்பார்.

விழாக் கமிட்டிக்காரர்களே, அடுத்த நோட்டீஸ் அச்சடிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். நடுவரிடம் அணித் தலைவர் மட்டுமே பேசலாம் என்று அதிலேயே போடுங்கள். வருகிற ஒவ்வொரு அணியும் தன் ஊர்க் கூட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு பெரியவரின் பெயரைக் கொடுத்தால்தான் நுழைவுக் கட்டணத்தை வாங்குங்கள்.