ஆறு பவுணும் ஒரு தொலைபேசியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கணினித் துறை பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதிலும் பார்க்க ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுவது இந்த மண்டபத்துக்குப் பொருந்தும் என நினைத்தேன். அவர் ஸ்டெபனி ஷேர்லி.

1933 இல் ஜேர்மனியில், யூதரான நீதிபதி ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1939 இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவுடன் வியன்னாவில் ரயிலேறி இங்கிலாந்துக்கு அகதியாக வந்தார். நாஜிகளிடமிருந்து அவ்வாறு தப்புவிக்கப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 10,000 பேர். முன்பின் அறியாத ஒரு தம்பதியர் அவரை வளர்த்தனர். பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு நிற்கும் பெற்றோரின் மனநிலையை இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அவர் படித்த பெண்கள் பாடசாலையில் உயர் கணிதம் கற்பிக்கப்படவில்லை. எனவே ஆண்கள் பாடசாலைக்குப் போய்ப் படித்தார். 18 வயதில் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, மாலை வகுப்புகளில் கணிதப் பட்டம் பெற்றார். கணினிக்கு நிரல் எழுதுவது அவருக்கு வேலையாகவே தோன்றவில்லை. பிடித்தமான விளையாட்டாக இருந்தது. ஆனால் பெண் என்பதால் ஒரு படிக்கு மேல் ஏற விடமாட்டார்கள் என்பது விரைவிலேயே விளங்கிற்று.

1962 இல் வேலையை விட்டார். கையில் ஆறு பவுண் முதல்; அலுவலகம் வீட்டுச் சாப்பாட்டு மேசை. அக்காலத்தில் மென்பொருள் இயந்திரத்தோடு இலவசமாக வந்தது. அதைத் தனியே காசு கொடுத்து யார் வாங்குவார் என்று பலர் சிரித்தார்கள்.

அவர் யாரை வேலைக்கு எடுத்தார்? திருமணமாகி, பிள்ளை பெற்று, வேலையை விட்டு வீட்டிலிருந்த நிரலாளர்களை. பென்சிலும் தாளும் கொண்டு வீட்டிலிருந்தே எழுதினார்கள். அவசியமாக வேண்டியது வீட்டில் ஒரு தொலைபேசி. அழைப்பு வந்தால் பிள்ளையின் சத்தம் கேளாதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து பின்னணியில் ஒலிக்கவிட்டார் ஷேர்லி. நிறுவனங்களுக்குத் தன் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி "ஸ்டீவ்" என்று கையொப்பமிட்டார், பதில்கள் வரத்தொடங்கின.

மணிக்கணக்குக்கு அல்ல, முடித்த வேலைக்கே விலை பேசினார். ஆகவே எங்கே, எந்த நேரத்தில் எழுதினார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கொன்கோட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இப்படி வீடுகளில் எழுதப்பட்டதே. முதல் 300 ஊழியரில் ஆண்கள் மூவர் மட்டுமே. 1975 இல் பால் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தபோது, அவரது பெண்களுக்கான கொள்கையும் சட்டவிரோதமாயிற்று. ஆண்களையும் சமமாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் பங்குகளை ஊழியருடன் பகிர்ந்தார். அதனால் அவர்களில் 70 பேர் கோடீஸ்வரராயினர்.

இத்தனைக்கும் நடுவே, கடும் ஓட்டிச நிலை கொண்ட ஒரே மகனையும் வளர்த்தார். ஈட்டிய செல்வத்தின் பெரும்பகுதியை அத்தகைய பிள்ளைகளுக்காகவே கொடுத்தார்.

தோழியரே, எங்கள் வகுப்புகளில் கணிதத்தில் முதலாவதாக வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் இன்றும் அதைத் தொடுகிறார்கள்? கலியாணம், பிள்ளைகள், இடப்பெயர்வு, புதிய நாடு, புதிய மொழி... ஒவ்வொன்றும் நியாயமான காரணமே. ஆனால் பத்து வருட இடைவெளியுள்ள விண்ணப்பத்தை மேலாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த மேலாளர்களில் நாங்களும் இருக்கிறோம்.

மண்டபத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம், கொடுப்போம். அதோடு இன்னொன்று கேட்கிறேன். வேலை கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள், வீட்டிலிருக்கும் ஒரு பழைய மாணவிக்கு வாரம் பத்து மணிநேர வேலையாவது பிரித்துக் கொடுங்கள். சலுகையாக வேண்டாம், முடித்த வேலைக்கு முழு விலை. ஷேர்லி ஆறு பவுணோடு தொடங்கினார். எங்களிடம் நூறு வருடம் இருக்கிறது.