அமைதியாய் அமர முடியாத பிள்ளை

(வானொலி மறையுரை)



ஞாயிறு திருப்பலியில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று. மறையுரை நடந்துகொண்டிருக்கிறது. ஏழு, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பெஞ்சிலிருந்து நழுவி இறங்குகிறான். தூணைச் சுற்றி ஓடுகிறான், பாட்டுப் புத்தகங்களைத் தட்டிவிடுகிறான். தாய் கையைப் பிடித்து இழுக்கிறார். அவன் உட்கார்கிறான்; அடுத்த நிமிடமே மறுபடி எழுகிறான். கோவில் முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. அந்தத் தாய் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு பிள்ளையோடு வெளியே போகிறார். "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று நாம் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறோம். இன்று அந்தத் தாயைப் பற்றியும் அந்தப் பிள்ளையைப் பற்றியும் சிந்திப்போம்.

மாற்கு நற்செய்தி 9ஆம் பிரிவில் ஒரு தந்தையைச் சந்திக்கிறோம். சிறு வயது முதல் துன்புறும் தன் மகனை அவர் சீடர்களிடம் கொண்டுவருகிறார். சீடர்களால் முடியவில்லை. சுற்றிலும் கூட்டம் கூடி வாக்குவாதம் நடக்கிறது. பிள்ளை நடுவில் கிடக்க, பெரியவர்கள் வாதாடுகிறார்கள்! ஆண்டவர் வந்ததும் என்ன செய்கிறார்? குணமாக்கும் முன் தந்தையிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: இந்த நிலை எப்போது தொடங்கியது என்று. தந்தை தன் மனப்பாரத்தையெல்லாம் கொட்டுகிறார், ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். எல்லாம் அறிந்தவரே கேட்டுத் தெரிந்துகொள்கிறார் என்றால், ஒன்றும் அறியாத நாம் கேட்காமலே தீர்ப்பிடலாமா?

இந்தப் பகுதியைக் காட்டி, துறுதுறுவென்றிருக்கும் பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது தவறு. இதே நிகழ்ச்சியை எழுதும் மத்தேயுவில், தன் மகனுக்கு வலிப்பு நோய் இருப்பதாகவே அந்தத் தந்தை சொல்கிறார். நமது திருஅவையின் மறைக்கல்வி நூலும், பேயோட்டும் சடங்குக்கு முன் அது நோயா என்று உறுதிசெய்வது மிக முக்கியம் என்று கற்பிக்கிறது. ஆயரின் வெளிப்படையான அனுமதியின்றி எந்தக் குருவும் அதைச் செய்யக்கூடாது என்பது திருஅவைச் சட்டம் 1172. ஆகவே பிள்ளையைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்திச் செபிக்கும் இடங்களுக்கு நம் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம்.

அப்படியானால் இது என்ன? கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த இந்த நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். இது நேற்று முளைத்த நோயல்ல. 1902ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். உலகெங்கும் நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் குடும்ப வழியாக வருகிறது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல, பிள்ளையின் திமிரும் அல்ல. சில பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஓடியாட மாட்டார்கள். கனவு காண்பதுபோல் அமர்ந்திருப்பார்கள், எதையும் முடிக்க மாட்டார்கள். அவர்களை நாம் "மக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அன்பானவர்களே, நம்மையே குற்றம் சாட்டும் நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், புதுநன்மை வகுப்புக்கு வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனால் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை. மற்ற பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம். "அடுத்த வருடம் பார்க்கலாம், முதலில் பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்று தாயிடம் சொல்லி அனுப்பினோம். அந்த அம்மா மருத்துவரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்துவந்தவர்தான். மாத்திரையால் பிள்ளைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்ற கவலை அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அக்கம்பக்கத்தார் "இங்கிலீஷ் மருந்து மூளையை மழுக்கிவிடும்" என்று பயமுறுத்தினார்கள். இப்போது கோவிலும் கைவிட்டது. யாரோ சொன்ன ஒருவரிடம் போய், பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலப் பொடியை மாதாமாதம் வாங்கினார். மாத்திரையை நிறுத்திவிட்டார். சில மாதங்களில் பிள்ளைக்கு வயிற்றுவலி, வாந்தி, சோர்வு. இரத்தத்தைச் சோதித்தபோது ஈயம் அளவுக்கு மேல் இருந்தது.

ஈயம் என்ன செய்யும் தெரியுமா? பிள்ளைகளின் மூளையைத் தாக்கி, கவனத்தையும் கற்கும் திறனையும் குறைக்கும். எந்தக் குறையைத் தீர்க்கப் பொடி வாங்கினாரோ, அந்தக் குறையையே பொடி வளர்த்தது! பொடியை நிறுத்தியதும் ஈயத்தின் அளவு மெல்லக் குறைந்தது. ஆனால் அதற்குள் மூளைக்கு நேர்ந்த சேதம் எல்லாவற்றையும் திருப்ப முடியாது என்று மருத்துவர் சொன்னபோது அந்தத் தாய் அழுதார். "உங்களிடம்தானே, ஃபாதர், முதலில் வந்தேன்" என்றார். நமக்குப் பதில் இல்லை.

இது எங்கோ ஒரு பொட்டலத்தில் நடந்த தவறு மட்டும் அல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்கப்பட்ட, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 14 பொருள்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. "இயற்கை" என்று எழுதியிருப்பதாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது.

அப்படியென்றால் மாற்று வழிகள் எல்லாமே பொய்யா? அப்படியும் சொல்ல மாட்டோம். நேர்மையோடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் உணவு. சர்க்கரைதான் பிள்ளையைத் துள்ள வைக்கிறது என்று பலர் நம்புகிறோம். கவனமாகச் செய்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், தாய்மார் சிலரிடம் "உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். உண்மையில் சர்க்கரை கொடுக்கவே இல்லை. ஆனாலும் அந்தத் தாய்மார் தங்கள் மகன் அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். பிள்ளையை அதிகம் குறையும் கூறினார்கள். நாம் எதிர்பார்ப்பதையே நம் கண் பார்க்கிறது! பல்லுக்காகவும் உடல்நலத்துக்காகவும் மிட்டாயைக் குறைப்பது நல்லது, ஆனால் அது இதற்கு மருந்து ஆகாது.

செயற்கை நிறங்களின் கதை வேறு. 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில நிறச் சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் பிள்ளைகள் சிலரின் துடிப்பைச் சற்று கூட்டுவதைக் கண்டது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆறு சாயங்கள் சேர்ந்த பண்டங்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு நிறத் தின்பண்டங்களைத் தவிர்ப்பதால் யாருக்கும் நட்டமில்லை. திருவிழாக் கடையில் ஐந்து ரூபாய் மிச்சம்!

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 பற்றிய ஆய்வுகளில் பலன் கிடைத்தால் அது சிறிதளவே. மீன் குழம்பு உடலுக்கு நல்லது, அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துக் குப்பி வாங்க வேண்டியதில்லை. வல்லாரைத் துவையலும் அப்படியே: உணவாக உண்போம், ஆனால் இந்தக் குறைபாட்டைத் தீர்க்கும் என்ற உறுதியான சான்று இல்லை. ஹோமியோபதி பற்றிய ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்தவர்களும், இதற்குப் பலன் தருகிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

இரும்புச்சத்து மட்டும் நாம் மறக்கக்கூடாத ஒன்று. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை. இரத்தம் குறைந்த பிள்ளைக்குக் கவனமும் குறையும். காது மந்தம், பார்வைக் குறை, தூக்கமின்மை, ஒரு சில நொடிகள் மட்டும் நினைவு தப்பும் வலிப்பு ஆகியவையும் கவனமின்மை போலவே தோன்றும். இவற்றைச் சோதிப்பதே முதல் வேலை. குறட்டைவிட்டு வாய் திறந்து தூங்கும் பிள்ளைக்குத் தேவை தாயத்து அல்ல, தொண்டைச் சதையைப் பார்க்கும் மருத்துவர்.

மாத்திரை பற்றியும் நேர்மையாகப் பேசுவோம். மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து 1950களிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உதவுகிறது. பசி குறைதல், தூக்கம் கெடுதல், உயரம் சற்றே மெதுவாக வளர்தல் போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே தாய்மாரின் கவலை கற்பனை அல்ல. ஆனால் அந்தக் கவலையைச் சொல்ல வேண்டியது மருத்துவரிடம். அவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியே முதல் வழி. தெளிவான சிறு கட்டளைகள், ஒரே மாதிரியான அன்றாட ஒழுங்கு, நல்லது செய்த உடனே பாராட்டு ஆகியவை அதில் கற்பிக்கப்படும்.

பயிற்சியா, அடியாத மாடு படியாது என்பார்கள் நம் பெரியவர்கள். "கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை விட்டுவந்த தலைமுறை நாம். நடக்க முடியாத பிள்ளையை ஓடச்சொல்லி அடிப்போமா? உட்கார முடியாத பிள்ளையை உட்காரச்சொல்லி அடிப்பதும் அதுவே.

செபத்துக்கு இதில் இடமில்லையா? நிச்சயம் உண்டு. சீராக்கின் ஞான நூலின் 38ஆம் பிரிவு, நோயுற்றவர் ஆண்டவரிடம் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடமளிக்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கற்பிக்கிறது. மருத்துவரையும் மண்ணிலிருந்து வரும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறீர்களா, போங்கள். பிள்ளைக்காக நேர்ந்துகொள்கிறீர்களா, நல்லது. ஆனால் மாத்திரை டப்பாவையும் பையில் எடுத்துச்செல்லுங்கள். மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று யாராவது சொன்னால், அது கடவுளைச் சோதிப்பது என்று சொல்லுங்கள்.

எந்த மருத்துவமானாலும், பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் கேட்போம். இதில் என்ன சேர்ந்திருக்கிறது, உறையில் எழுதியிருக்கிறதா? தருபவர் பதிவுபெற்ற மருத்துவரா? "முழுதாகக் குணமாகும்" என்று உறுதி சொல்கிறாரா? வேறு மருத்துவரிடம் சொல்லாதே, அந்த மருந்தை நிறுத்து என்கிறாரா? முதல் இரண்டுக்கு "இல்லை" என்றோ, கடைசி இரண்டுக்கு "ஆம்" என்றோ பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போனாலும், பிள்ளை உண்ணும் மாத்திரையைப் பற்றி அவரிடமும், அவர் தந்ததைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணமில்லாதவர்கள் எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தை நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன. பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்க மாவட்ட இடையீட்டு சேவை மையங்களும் உள்ளன. அங்கே கட்டணம் இல்லை. போகப் பேருந்துச் செலவும், கூடவரத் துணையும், ஒரு நாள் கூலி இழப்புக்கு ஈடும் வேண்டும். இவற்றை நம் அன்பியங்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் செய்ய முடியாதா?

அந்தச் சிறுவனைப் பற்றிச் சொல்லி முடிப்போம். நாம் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். மறைக்கல்வி ஆசிரியை அவனை முன்வரிசையில் அமர்த்தினார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவனுக்கு ஒரு வேலை: கரும்பலகை துடைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, வகுப்பு முடிந்ததும் மணி அடிப்பது. மருத்துவர் மாற்றிக் கொடுத்த மாத்திரையும் தொடர்ந்தது. அவன் முழுதாக மாறிவிடவில்லை. இன்றும் பெஞ்சிலிருந்து நழுவுகிறான். ஆனால் அடுத்த ஆண்டு புதுநன்மை வாங்கினான். காணிக்கைப் பவனியில் அப்பத்தைச் சிந்தாமல் சுமந்து வந்தான். இப்போது அவன் நழுவினால், பக்கத்தில் இருப்பவர் தாயை முறைப்பதில்லை. கொஞ்சம் தள்ளி இடம் விடுகிறார்.

நற்செய்தியில் வந்த அந்தத் தந்தை, தன் நம்பிக்கையையும் அதன் குறையையும் ஒன்றாக ஆண்டவர் முன் வைத்தார். ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை. நாமும் அவ்வாறே மன்றாடுவோம்.

அன்பு இயேசுவே, அமைதியாய் அமர முடியாத எங்கள் பிள்ளைகளை உம் கைகளில் ஒப்படைக்கிறோம். களைத்துப்போன பெற்றோருக்குப் பொறுமையையும், மருத்துவர்களுக்கு ஞானத்தையும் தாரும். பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திய எங்களை மன்னியும். அவர்களுக்கு இடம் விடும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.